லினக்ஸ் மடிக்கணினியில் ஈதர்நெட் கார்டு தெரியவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிக்கும் முன் ஒரு வார்த்தை. கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கே ஒலிப்பின்படி தமிழில் இருக்கின்றன. டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். பெரிய எழுத்து வரும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறோம். 'எல்எஸ்பிசிஐ' என்றால் இடைவெளி இல்லாத ஐந்து எழுத்துகள். நிர்வாகி உரிமை தேவைப்படும் கட்டளைக்கு முன்னால் 'சூடோ' சேர்த்துக்கொள்ளுங்கள்.

'கார்டு தெரியவில்லை' என்றால் எங்கே தெரியவில்லை?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பெரும்பாலோர் இதைத் தாண்டிப் போய் டிரைவர் தேடத் தொடங்கிவிடுகிறார்கள்.

ஈதர்நெட் வேலை செய்ய மூன்று படிகள் சரியாக இருக்க வேண்டும். பிசிஐ (கணினிக்குள் சாதனங்களை இணைக்கும் பாதை) அல்லது யுஎஸ்பி பாதையில் சில்லு இருப்பதை லினக்ஸின் மைய நிரலான கர்னல் பார்க்க வேண்டும். அந்தச் சில்லுக்கு உரிய டிரைவர் ஒட்டிக்கொள்ள வேண்டும். டிரைவர் உருவாக்கிய இடைமுகத்தை நெட்வொர்க்மேனேஜர் போன்ற நிரல் எடுத்து நடத்த வேண்டும். மூன்றில் எது அறுந்தாலும் திரையின் மூலையில் உள்ள நெட்வொர்க் பட்டியலில் தெரிவது ஒன்றுதான்: கம்பி இணைப்பு இல்லை. எனவே அந்தப் பட்டியலை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். எந்தப் படியில் அறுந்தது என்று தெரியும்வரை எதையும் நிறுவவும் வேண்டாம்.

அதைக் கண்டுபிடிக்க எந்தக் கட்டளை?

'எல்எஸ்பிசிஐ -என்என்கே -டி ::0200'. 0200 என்பது பிசிஐ பட்டியலில் ஈதர்நெட் கட்டுப்பாட்டுச் சில்லுகளின் வகை எண். வைஃபை கார்டுகள் பெரும்பாலும் 0280 வகை என்பதால் அவை குறுக்கே வந்து குழப்பாது.

எல்லாம் சரியாக இருந்தால் சில வரிகள் வரும். முதல் வரியின் தொடக்கத்தில் 03:00.0 போன்ற முகவரி, கடைசியில் சதுர அடைப்புக்குள் 10இசி:8168 போன்ற இரட்டை எண். முதல் பாதி தயாரிப்பாளர், இரண்டாம் பாதி சில்லு. இந்த எண்ணைக் குறித்து வையுங்கள். பெட்டியில் அச்சிட்ட பெயரைவிட இதுதான் நம்பகமானது. கீழே 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி, அதில் டிரைவரின் பெயர்.

எதுவுமே வராவிட்டால் முதல் படியில் கோளாறு. சில்லு வந்து, 'இன் யூஸ்' வரி மட்டும் இல்லாவிட்டால் இரண்டாம் படி. இரண்டும் வந்தால் கார்டு கண்டறியப்பட்டுவிட்டது என்று பொருள். 'ஐபி லிங்க்' கட்டளையிலும் இஎன்பி3எஸ்0 போன்ற ஒரு பெயர் இருக்கும். அப்படியானால் நேராக மூன்றாம் படிக்கான கேள்விகளுக்குப் போய்விடலாம்.

ஒரு வரிகூட வரவில்லை. சில்லு செத்துவிட்டதா?

உடனே அந்த முடிவுக்குப் போக வேண்டாம். உயிரோடு இருக்கும் சில்லு காணாமல் போவதற்கு நான்கைந்து வழிகள் உண்டு.

பயாஸிலிருந்து, அதாவது கணினி எழும்போதே ஓடும் அடிப்படை அமைப்புத் திரையிலிருந்து, தொடங்குங்கள். டெல் மடிக்கணினிகள் பலவற்றில் 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' பகுதியில் 'இன்டகிரேட்டட் நிக்' என்றும், திங்க்பேடுகளில் 'செக்யூரிட்டி' பகுதியின் 'ஐ/ஓ போர்ட் ஆக்சஸ்' பட்டியலில் 'ஈதர்நெட் லேன்' என்றும் இருக்கும். மற்றவற்றில் 'ஆன்போர்டு லேன்' என்று தேடுங்கள். அலுவலகத்திலிருந்து கைமாறி வந்த கணினிகளில் இது அணைத்து வைக்கப்பட்டிருப்பது சகஜம். பயாஸ் அணைத்த சில்லு கர்னலின் கண்ணில் படவே படாது. எந்த டிரைவராலும் அதை எழுப்ப முடியாது.

அடுத்தது தேங்கிய மின்சாரத்தை வடிப்பது. கணினியை முழுவதும் அணைத்து, சார்ஜரையும் ஈதர்நெட் கம்பியையும் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பொத்தானை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். மந்திரம்போல் தோன்றினாலும் இதற்குக் காரணம் இருக்கிறது. கணினி அணைந்திருக்கும்போதும் வேக்-ஆன்-லேன் வசதிக்காக ஈதர்நெட் சில்லுக்குச் சிறு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். குழம்பிய நிலையில் சிக்கிய சில்லு சாதாரண ரீபூட்டில் தெளிவதில்லை. மின்சாரம் முழுவதும் நின்றால்தான் தெளியும். பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்டிருந்தால் பயாஸில் 'டிசேபிள் பில்ட்-இன் பேட்டரி' இருக்கிறதா பாருங்கள். சில திங்க்பேடுகளின் அடிப்பக்கத்தில் ஊசி நுழையும் அளவு ரீசெட் துளை ஒன்றும் உண்டு.

விண்டோஸும் அதே கணினியில் இருந்தால் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' மீதும் ஐயம் கொள்ளுங்கள். அது இயங்கும்போது 'ஷட் டவுன்' என்பது பாதி உறக்கம்தான். சாதனங்கள் விண்டோஸ் விட்ட நிலையிலேயே கிடக்கலாம். சோதிப்பது எளிது: விண்டோஸில் 'ஷட் டவுன்' கொடுக்காமல் 'ரீஸ்டார்ட்' கொடுத்து லினக்ஸுக்குள் வாருங்கள். 'ரீஸ்டார்ட்' இந்தப் பாதி உறக்கத்தைப் பயன்படுத்துவதில்லை. அப்போது கார்டு வந்துவிட்டால், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிரந்தரமாக அணைத்துவிடுங்கள்.

ரீபூட் செய்யாமல் பிசிஐ பாதையை மீண்டும் தேடச் சொல்லவும் முடியும்: 'எக்கோ 1 | சூடோ டீ /சிஸ்/பஸ்/பிசிஐ/ரீஸ்கேன்'. 'சூடோ எக்கோ 1 >' என்று எழுதினால் அனுமதி மறுக்கப்படும். ஏனெனில் அம்புக்குறிக்குப் பிந்தைய எழுத்து வேலையைச் செய்வது சூடோ அல்ல, உங்கள் சாதாரண ஷெல்.

அசட்டுத்தனமாகத் தோன்றினாலும் இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் மடிக்கணினியில் ஈதர்நெட் துளை இருக்கிறதா? மெல்லிய மாதிரிகளில் பலவற்றுக்கு அது கிடையாது; யுஎஸ்பி அடாப்டரில்தான் சில்லு இருக்கும். அப்படியானால் எல்எஸ்பிசிஐ-யில் தேடுவது வீண். யுஎஸ்பி பற்றிய கேள்விக்குப் போங்கள்.

கார்டு வருகிறது, ஆனால் பக்கத்தில் 'ரெவ் எஃப்எஃப்' என்று இருக்கிறதே?

சில்லு பட்டியலில் இருக்கிறது, கேட்டால் பதில் சொல்வதில்லை என்று பொருள். பதில் வராத இடத்தில் எல்லா பிட்டும் 1 ஆகப் படிக்கப்படும், அதுதான் எஃப்எஃப். '-வி' சேர்த்துப் பார்த்தால் 'அன்நோன் ஹெடர் டைப் 7எஃப்' என்ற வரியும் வரலாம். பெரும்பாலும் மின்சேமிப்புக்காக உறங்கப்போன சில்லு எழவில்லை. மேலே சொன்ன 30 நொடி வைத்தியம்தான் முதல் மருந்து. அதன் பிறகும் அடிக்கடி வந்தால், கீழே 'மூடித் திறந்தால்' என்ற கேள்வியைப் பாருங்கள்.

சில்லு வருகிறது, டிரைவர் வரி இல்லை. எந்த டிரைவர் வேண்டும்?

எண்ணின் முதல் பாதியைப் பாருங்கள்.

10இசி என்றால் ரியல்டெக். 8168, 8136, 8125 மூன்றையும் கர்னலின் ஆர்8169 டிரைவர் பார்த்துக்கொள்ளும். ஆனால் 2.5 ஜிகாபிட் வேகமுள்ள 8125-க்கு ஆதரவு கர்னல் 5.4-இல்தான் வந்தது. 8086 என்றால் இன்டெல். ஐ217, ஐ218, ஐ219 வகைகளுக்கு இ1000இ, ஐ225 வகைக்கு ஐஜிசி. ஐஜிசி கர்னல் 4.20-இல் சேர்ந்தது. 1969 என்றால் ஏதெரோஸ். சில்லைப் பொறுத்து ஏடிஎல்1சி அல்லது ஏஎல்எக்ஸ். 14இ4 பிராட்காம், பெரும்பாலும் டிஜி3. பழைய மார்வெல் சில்லுகளுக்கு, அதாவது 11ஏபி-க்கு, ஸ்கை2.

இவை எல்லாம் கர்னலுடனேயே வருபவை. இணையத்தில் தேடி இறக்க வேண்டியதில்லை.

டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது என்றால் ஏன் ஒட்டவில்லை?

கையால் ஏற்றிப் பாருங்கள்: 'சூடோ மோட்ப்ரோப் ஆர்8169'. உங்கள் டிரைவர் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். பதிலில் விடை இருக்கும்.

ஓசையில்லாமல் ஏறி, கார்டும் வந்து, ரீபூட் செய்ததும் மறுபடி காணாமல் போனால் அந்த டிரைவர் தடைப்பட்டியலில் இருக்கிறது. 'பிளாக்லிஸ்ட்' வரி தானாக ஏறுவதை மட்டுமே தடுக்கும். பெயர் சொல்லி அழைத்தால் ஏறிவிடும். '/ஈடிசி/மோட்ப்ரோப்.டி', '/லிப்/மோட்ப்ரோப்.டி' இரண்டு அடைவுகளிலும் 'கிரெப் -ஆர்' கொண்டு டிரைவர் பெயரைத் தேடுங்கள். தடுக்கும் வரியை நீக்கியபின் தொடக்க ரேம் படிமத்தையும் (பூட் ஆகும்போது கர்னலுடன் முதலில் ஏறும் கோப்புத் தொகுதி) புதுப்பிக்க வேண்டும், பழைய தடை அதற்குள்ளும் இருக்கலாம். டெபியன், உபுண்டுவில் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ'. ஃபெடோராவில் 'டிராகட் -எஃப்'. ஆர்ச்சில் 'எம்கேஇனிட்சிபியோ -பி', இதில் கடைசி எழுத்து மட்டும் பெரியது.

'மாட்யூல் நாட் ஃபவுண்ட்' என்று வந்தால் ஓடும் கர்னலுக்கும் வட்டில் உள்ள மாட்யூல்களுக்கும், அதாவது டிரைவர் கோப்புகளுக்கும், பொருத்தம் இல்லை. 'யூநேம் -ஆர்' காட்டும் எண்ணையும் '/லிப்/மாட்யூல்ஸ்' அடைவில் உள்ள பெயர்களையும் ஒப்பிடுங்கள். ஆர்ச்சில் கர்னலைப் புதுப்பித்துவிட்டு ரீபூட் செய்யாமல் இருந்தால் இது நடக்கும், ரீபூட் போதும். ரீபூட் செய்தும் எண் மாறவில்லை என்றால் '/பூட்' தனிப் பகிர்வாக இருந்து, புதுப்பிக்கும்போது அது இணைக்கப்படாமல் இருந்திருக்கலாம். புதிய கர்னல் வெற்று அடைவுக்குள் போய் விழுந்திருக்கும். கணினியோ பழையதையே பூட் செய்துகொண்டிருக்கும். பகிர்வை மவுண்ட் செய்து, கர்னல் தொகுப்பை மீண்டும் நிறுவினால் தீரும். எண் பொருந்தியும் மாட்யூல் இல்லை என்றால், உபுண்டுவில் 'லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா' தொகுப்பு விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மாட்யூல் ஏறியும் இடைமுகம் வரவில்லையா? கர்னல் பதிவைப் படியுங்கள்: 'ஜர்னல்சிடிஎல் -கே -பி'. அதில் டிரைவர் பெயரைத் தேடுங்கள். அடிக்கடி தட்டுப்படும் மூன்று செய்திகள் இவை.

'அன்நோன் சிப் எக்ஸ்ஐடி': சில்லு உங்கள் கர்னலைவிடப் புதியது. புதிய கர்னல்தான் வழி. வேறு வித்தை தேட வேண்டாம்.

'ரியல்டெக்.கேஓ நாட் லோடட்': ஆர்8169 ஏறிவிட்டது, அதற்குத் துணையான 'ரியல்டெக்' என்ற மாட்யூல் ஏறவில்லை. கம்பியோடு நேரடியாகப் பேசும் பகுதியை நடத்துவது அந்தத் துணை மாட்யூல். முதலில் 'மோட்ப்ரோப் ரியல்டெக்', பிறகு ஆர்8169-ஐ இறக்கி ஏற்றுங்கள். சரியானால் அதையும் ரேம் படிமத்தில் சேருங்கள்.

'என்விஎம் செக்சம் இஸ் நாட் வேலிட்': இது இன்டெல் இ1000இ சொல்வது. சில்லின் அமைப்புகளும் மேக் முகவரியும் (கார்டின் தனி அடையாள எண்) இருக்கும் நிலைநினைவகத்தில் கூட்டுத்தொகை பொருந்தவில்லை. டிரைவர் ஏற்க மறுக்கிறது. மின்சாரம் வடித்துப் பாருங்கள், பிறகு பயாஸைப் புதுப்பியுங்கள். சரிபார்ப்பை நீக்கிவிட்டு டிரைவரைத் தொகுக்கும் குறுக்கு வழிகள் உலவுகின்றன. அவை நோயைத் தீர்ப்பதில்லை, வெப்பமானியை உடைக்கின்றன.

ஃபர்ம்வேர் இல்லை என்று ஒரு செய்தி வருகிறது. அதுதான் காரணமா?

ரியல்டெக் கம்பிக் கார்டுகளில் பெரும்பாலும் இல்லை. ஆர்8169 கேட்கும் 'ஆர்டிஎல்_நிக்' கோப்புகள் சில்லின் சிறு பிழைகளுக்கான ஒட்டுகள். அவை இல்லாமலும் கார்டு பொதுவாக வேலை செய்யும். செய்தியின் தோற்றத்தைப் பார்த்துப் பயந்து, உண்மையான காரணத்தைத் தவறவிடாதீர்கள். போட்டுவைப்பது நல்லதுதான்: டெபியனில் 'ஃபர்ம்வேர்-ரியல்டெக்', 2023-இல் வந்த டெபியன் 12 முதல் அது 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' பிரிவில் இருக்கிறது.

ரியல்டெக் தளத்தில் உள்ள ஆர்8168 டிரைவரை நிறுவட்டுமா?

கடைசி முயற்சியாக மட்டும். ஆர்8169 ஏறி, இணைப்பும் வந்து, பிறகு அறுந்து அறுந்து போகிறது என்றால் அதற்கு நியாயம் உண்டு. கார்டு தெரியவில்லை என்பதற்கு அது மருந்தல்ல. பல நேரம் அதுவே நோயாகிறது.

எப்படி என்றால், டிகேஎம்எஸ் என்பது ஒவ்வொரு புதிய கர்னலுக்கும் டிரைவரை மறுபடி தொகுக்கும் ஏற்பாடு. அந்த வழியில் வரும் ஆர்8168-டிகேஎம்எஸ் தொகுப்பு தான் குறுக்கிடாமல் ஓட ஆர்8169-ஐத் தடைப்பட்டியலில் போட்டுவிடுகிறது. சில மாதம் கழித்துப் புதிய கர்னல் வருகிறது. அதற்கு ஏற்ப ஆர்8168-ஐத் தொகுக்கும்போது பிழை வந்து நின்றுவிடுகிறது. ஹெடர் தொகுப்பு இல்லாததாலோ, கர்னலின் உள்நிரல் மாறியதாலோ. இப்போது ஆர்8168 இல்லை, ஆர்8169-க்குத் தடை. ஒரே இரவில் கார்டு மாயம். 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' கட்டளையில் உங்கள் கர்னல் எண்ணுக்கு எதிரே 'இன்ஸ்டால்டு' இல்லாவிட்டால் நடந்தது இதுதான். தொகுப்பை முழுவதும் நீக்குங்கள், அமைப்புக் கோப்பும் போகும்படி 'பர்ஜ்' கொடுத்து. பிறகு ரேம் படிமத்தைப் புதுப்பித்து ரீபூட் செய்யுங்கள்.

டிரைவரைத் தொகுத்தாயிற்று, 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்கிறதே?

காரணம் செக்யூர் பூட், அதாவது நம்பகமான கையொப்பம் உள்ள நிரலை மட்டும் ஏற்கும் பாதுகாப்பு வசதி. கையொப்பம் இல்லாத மாட்யூலைக் கர்னல் ஏற்காது. 'மோக்யூடில் --எஸ்பி-ஸ்டேட்' கொண்டு உறுதிசெய்யுங்கள். டிகேஎம்எஸ் உருவாக்கிய சாவியை 'மோக்யூடில் --இம்போர்ட்' மூலம் பதிந்தால் ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த பூட்டில் வரும் நீலத்திரையில் 'என்ரோல் மோக்' தேர்ந்து அதே கடவுச்சொல்லைத் தர வேண்டும். அந்தத் திரை சில நொடிகளே நிற்கும், காபி எடுக்கப் போய்விடாதீர்கள். கர்னலுடன் வரும் டிரைவருக்கு இந்தத் தொல்லையே இல்லை.

டிரைவர் இருக்கிறது, இடைமுகமும் இருக்கிறது. மெனுவில் மட்டும் 'அன்மேனேஜ்டு' என்கிறது.

இங்கிருந்து மூன்றாம் படி. 'என்எம்சிஎல்ஐ டிவைஸ்' கட்டளையில் அப்படி வந்தால், அந்தக் கார்டை வேறொருவர் பொறுப்பு என்று நெட்வொர்க்மேனேஜர் ஒதுங்கி நிற்கிறது. டெபியனில் '/ஈடிசி/நெட்வொர்க்/இன்டர்ஃபேசஸ்' கோப்பில் கார்டின் பெயர் எழுதப்பட்டிருக்கும். 'லோ' (கணினி தன்னோடு தானே பேசும் உள் இடைமுகம்) பற்றிய வரிகளை விட்டுவிட்டு மற்றவற்றை நீக்குங்கள். உபுண்டு சர்வரை நிறுவி, மேலே டெஸ்க்டாப் போட்டவர்களுக்கு '/ஈடிசி/நெட்பிளான்' அடைவில் உள்ள கோப்பில் 'ரெண்டரர்' வரி 'நெட்வொர்க்டி' என்று இருக்கலாம், அல்லது வரியே இல்லாமலும் இருக்கலாம். 'நெட்வொர்க்மேனேஜர்' என்று எழுதி, என், எம் இரண்டையும் பெரிய எழுத்தில் போட்டு, 'நெட்பிளான் அப்ளை' கொடுங்கள்.

நேற்று இஎன்பி3எஸ்0, இன்று இஎன்பி4எஸ்0. எப்படி?

பெயரில் உள்ள எண் பிசிஐ பாதையின் எண். புதிதாக ஒரு என்விஎம்இ வட்டு பொருத்தினாலோ, பயாஸில் ஏதாவது சாதனத்தை இயக்கினாலோ அணைத்தாலோ எண்கள் நகரும். கார்டு நலமாக இருக்கிறது. அமைப்புக் கோப்பு மட்டும் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. பெயருக்குப் பதில் மேக் முகவரியைக் கொண்டு அமைப்பை எழுதிவிட்டால் இனி நகர்ந்தாலும் கவலையில்லை.

'ஐபி லிங்க்' பட்டியலில் 'நோ-கேரியர்' என்றால்?

கம்பியின் மறுமுனையில் யாரும் இல்லை என்கிறது கார்டு. பார்ப்பதற்கு முன் 'ஐபி லிங்க் செட் இஎன்பி3எஸ்0 அப்' கொடுத்து இடைமுகத்தை எழுப்புங்கள். படுத்திருக்கும் இடைமுகம் 'ஈத்டூல்' கட்டளையில் நல்ல கம்பிக்கும் 'லிங்க் டிடெக்டட்: நோ' என்றே சொல்லும். பிறகு கம்பியையும் சுவிட்சின் துளையையும் மாற்றிப் பாருங்கள். ஜிகாபிட் ஓட நான்கு இணைக் கம்பிகளும் வேண்டும். ஓர் இணை அறுந்தால் 100 மெகாபிட்டுக்கு இறங்கலாம், ஜிகாபிட்டுக்கு முயன்று முயன்று இணையாமலும் போகலாம். 'ஈத்டூல்' காட்டும் வேகத்தில் இது தெரிந்துவிடும்.

யுஎஸ்பி அடாப்டரோ டாக்கோ (பல துளைகள் கொண்ட இணைப்புப் பெட்டி) தெரியவில்லை.

'எல்எஸ்யுஎஸ்பி' கட்டளையில் தொடங்குங்கள். 0பிடிஏ:8153 ரியல்டெக், டிரைவர் ஆர்8152. 0பி95:1790 ஏசிக்ஸ், டிரைவர் ஏஎக்ஸ்88179_178ஏ. பட்டியலிலேயே வராவிட்டால் வேறு துளையில், ஹப் இல்லாமல் நேராகச் செருகுங்கள். சில அடாப்டர்கள் விண்டோஸ் டிரைவர் அடங்கிய குறுந்தகடுபோல் வேடமிட்டு வரும். கோப்பு மேலாளரில் திடீரென ஒரு சிடி முளைத்தால் 'யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச்' தொகுப்பை நிறுவிப் பாருங்கள். தண்டர்போல்ட் டாக் என்றால் 'போல்ட்சிடிஎல் லிஸ்ட்' பாருங்கள். அனுமதி கிடைக்காத டாக் திரைக்குப் படத்தையும் பேட்டரிக்கு மின்சாரத்தையும் தரும், உள்ளிருக்கும் பிசிஐ சாதனங்களை மட்டும் காட்டாது; அதனால்தான் டாக்கின்மேல் சந்தேகமே வருவதில்லை.

மடிக்கணினியை மூடித் திறந்தால் (உறங்கி எழுந்தால்) கார்டு போய்விடுகிறது.

டிரைவரை 'மோட்ப்ரோப் -ஆர்' கொண்டு இறக்கி மீண்டும் ஏற்றுங்கள். வரவில்லை என்றால் '/சிஸ்/பஸ்/பிசிஐ/டிவைசஸ்/0000:03:00.0/ரிமூவ்' கோப்பில் 1 எழுதி, பிறகு முன்பு சொன்ன ரீஸ்கேன். நிரந்தரத் தீர்வுக்கு அதே அடைவில் 'பவர்/கன்ட்ரோல்' கோப்பில் 'ஆன்' என்று எழுதி அந்த ஒரு சில்லின் மின்சேமிப்பை நிறுத்துங்கள்; ஒவ்வொரு பூட்டிலும் அப்படியே இருக்க ஒரு யூடெவ் விதியும் (சாதனம் வரும்போது தானாக ஓடும் அமைப்பு வரி) தேவை. மின்சேமிப்பு நிரலான டிஎல்பி நிறுவியிருந்தால் அதன் விலக்குப் பட்டியலில் கார்டைச் சேருங்கள். 'பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப்' என்ற கர்னல் அளவுருவும் உதவலாம்தான். ஆனால் அது கணினி முழுவதையும் பாதிப்பதால் பேட்டரி சீக்கிரம் தீரலாம்.

கம்பியும் இல்லை, வைஃபையும் இல்லை. தொகுப்புகளை எப்படி இறக்குவது?

செல்பேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து, அதில் 'யுஎஸ்பி டெதரிங்' இயக்குங்கள். ஆண்ட்ராய்டுக்கு வேண்டிய டிரைவர் பெரும்பாலும் கர்னலிலேயே இருக்கும். சில நொடியில் ஒரு புதிய இடைமுகம் முளைக்கும். ஐபோனுக்கு 'ஐபிஹெத்' டிரைவரோடு 'யுஎஸ்பிமக்ஸ்டி' நிரலும் வேண்டும். அது முன்பே நிறுவப்பட்டிருக்க வேண்டும் என்பதால், முடிந்தால் ஆண்ட்ராய்டையே தேடுங்கள்.

எப்போது வன்பொருள் பழுது என்று ஒப்புக்கொள்வது?

அண்மைக் கர்னலுடன் வரும் ஒரு லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து, முதலில் சொன்ன எல்எஸ்பிசிஐ கட்டளையைக் கொடுங்கள். அங்கே கார்டு வந்தால் உங்கள் நிறுவலில்தான் கோளாறு. வராவிட்டால், பயாஸில் லேன் இயங்குகிறதா, மின்சாரம் வடித்தாயிற்றா என்று மறுபடி உறுதிசெய்து, பயாஸின் பூட் பட்டியலில் 'பிஎக்ஸ்இ' அல்லது 'நெட்வொர்க் பூட்' இயக்கிப் பாருங்கள். பிஎக்ஸ்இ தொடங்கி மேக் முகவரியைக் காட்டினால் சில்லு உயிரோடு இருக்கிறது. அதுவும் காட்டாமல், விண்டோஸிலும் தெரியாமல் போனால் சில்லோ அதற்கு மின்சாரம் தரும் சுற்றோ போயிருக்கும். மடிக்கணினிகளில் அது பெரும்பாலும் மதர்போர்டில் சூடுவைத்து ஒட்டப்பட்டது, கழற்றி மாற்ற முடியாது. ஆர்டிஎல்8153 சில்லுள்ள யுஎஸ்பி 3 அடாப்டர் ஒன்று ஜிகாபிட் வேகத்தைத் தந்துவிடும். வாங்குமுன் சில்லின் பெயர் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.